கெண்டைக்குப் பத்தியம்

கைக்குழந்தைக்கு மருந்து கொடுத்தால் தாய் பத்தியம் இருப்பாள். குளத்து மீனுக்குக் கொடுத்தால் தீவனம் போடுகிறவர் பத்தியம் இருக்க வேண்டும். எங்கள் பண்ணையில் அந்த ஆள் நான். என் பெயர் சுடலைவடிவு.

சுற்றியிருந்த குளங்களிலெல்லாம் புண் நோய் வந்து மீன்கள் செத்து மிதந்தன. நான் வேப்பிலை, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி எல்லாம் அரைத்து, தவிட்டில் உருட்டிப் போட்டேன். நாற்பத்தெட்டு நாளைக்கு எனக்குப் புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, கருவாட்டு வாசனைகூட ஆகாது. நாலாயிரம் கெண்டையும் கொழுகொழுவென்று இருந்தன. அதுகளை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

நாற்பத்தைந்தாம் நாள் நான் ரேஷன் கடை வரிசையில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் இசக்கியப்பன் தீவனம் போட்டிருக்கிறார். முந்தின நாள் கல்யாண வீட்டில் புளிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்த மனுஷன். அவர் கையால் தின்ற நாற்பது மீனுக்கும் மத்தியானமே புண் வந்துவிட்டது.

"ஒரு கரண்டிதான் ஊத்திக்கிட்டேன் வடிவு," என்றார்.

"கரண்டியோ அண்டாவோ, புண்ணு வந்துட்டுல்லா," என்றேன்.

சாயங்காலம் பண்ணைகளைப் பார்வையிடும் அதிகாரி வந்தார். மீனைப் பார்த்தார். பிறகு என்னை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"உங்க பத்தியத்துல குறை இல்லம்மா. ஆனா ஒரு மீனுக்கு வந்தாலும் குளத்தை வத்த வைக்கணும். உத்தரவு அப்படி."

"இன்னும் மூணு நாள் மருந்து பாக்கி இருக்கு. யாருக்காகவும் பாதியில நிறுத்த மாட்டேன். நீங்க மோட்டாரை வைக்கதுன்னா வைங்க. எனக்கு உருண்டை பிடிக்கிற வேலை கிடக்கு."

காலையில் மோட்டார் வந்தது. உருண்டை பிடிப்பதை நான் நிறுத்தவில்லை. மத்தியானத்துக்குள் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. புண் வந்த நாற்பதும் சேற்றில் விழுந்தன. இசக்கியப்பன் அவற்றை அண்டாத் தண்ணீரில் அள்ளிப் போட்டுவிட்டு, அன்றே தன் பத்தியத்தைத் தொடங்கினார்.

மற்றவை விழவில்லை. தண்ணீர் இருந்தபோது எந்த உயரத்தில் நீந்தினவோ அதே உயரத்தில், காற்றில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. அதிகாரி 'குளம் வற்றியது' என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேலே நின்ற மீன்களுக்கு என் கை எட்டவில்லை. ஏணியைக் கொண்டுவந்து நடுக்குளத்தில் நிறுத்தினேன்.

"பாத்து ஏறுங்கம்மா, சேறு வழுக்கும்," என்று அதிகாரி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.