ஏ பக்கத்தில் ஐந்தாவது பாட்டு

ஜாவாவில், பாண்டுங் நகரத்தில் ஒரு கேசட் கம்பெனியில் பதினாறு வருஷம் இருந்தேன். எனக்கு ஒரே வேலைதான். பத்துப் பாட்டைக் கையில் கொடுப்பார்கள். எது முன்னால், எது பின்னால் என்று நான் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று சிரிப்பவர்களுக்குத் தாசிக்மலாயாவில் நடந்தது தெரியாது. ஒரு கேசட்டில் பிரிவுப் பாட்டை இரண்டாவதாகவும் கல்யாணப் பாட்டை மூன்றாவதாகவும் வைத்துவிட்டேன். அந்த மாதம் அந்த ஊரில் பதினோரு ஜோடிகள் விவாகரத்து செய்துகொண்டு, அடுத்த வாரமே அதே ஆளை மறுபடி கட்டிக்கொண்டார்கள். கல்யாணப் பதிவு குமாஸ்தா பஸ் ஏறி வந்து என்னைத் திட்டிவிட்டு, ஒரு காப்பியும் குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஜாக்கிரதையாக இருந்தேன். முதல் பாட்டு கடைக்காரனுக்கு. வாங்க வருகிறவர்கள் கடையில் நின்றபடி ஒரு நிமிஷம் கேட்டுப் பார்ப்பது அதைத்தான். இரண்டாவது, காசு கொடுத்தவன் வருத்தப்படாமல் இருப்பதற்கு. மூன்றும் நான்கும் எப்படி இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் ஜனங்கள் மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தாவதுதான் விஷயம். அது முடிந்ததும் பெட்டி 'டக்' என்று நிற்கும். யாராவது எழுந்து போய்த் திருப்பிப் போடவேண்டும். அதுவரை வீட்டில் சத்தமே இருக்காது. அந்த அமைதியில் பாட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்தை நான் சும்மா யாருக்கும் கொடுப்பதில்லை.

எண்பத்தேழாம் வருஷம் டிசம்பரில் இமாஸ் வந்தாள். கல்யாண வீடுகளில் பாடுகிறவள். அவள் புருஷன் சாப்ரி சுமத்ராத் தீவில் பாடாங் ஊர்க்காரன், பஸ் டிரைவர். கல்யாண வீடுகளில் பாடியது போதும் என்று ஒருநாள் சொல்லியிருக்கிறான். அவள் கோபத்தில் அவனுடைய சட்டைகளையும் குடையையும் வாசலில் எறிந்து, போ, திரும்பி வராதே என்றிருக்கிறாள். சாப்ரி சொன்னதைச் செய்கிற ஆள். 'நிற்காதே' என்று பலகை இருந்தால் அதற்கு முன்னால் நடந்துகொண்டே இருப்பான். சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு சுமத்ராவுக்குப் போய்விட்டான். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. விலாசம் கிடையாது, பஸ்ஸிலேயே படுத்துக்கொள்கிறான். அந்தப் பக்கத்துக் கண்டக்டர் ஒருவன் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னான். பாடாங் பஸ் நிலையக் கடையில் புதுக் கேசட் எது வந்தாலும் சாப்ரிதான் முதலில் வாங்குகிறானாம்.

அதற்காகத்தான் அவள் கேசட் போட வந்தாள். ஒன்பது பாட்டு மற்றவர்கள் எழுதியது. ஒன்று மட்டும் அவளே எழுதியது. முதல் மூன்று அடியில் அன்றைய சண்டை அப்படியே இருக்கும்: போ, சட்டையை எடுத்துக்கொண்டு போ, குடையையும் எடுத்துக்கொண்டு போ. நான்காவது அடியில் குரல் இறங்கும். சொன்னதெல்லாம் பொய், உலை கொதிக்கிறது, கதவைச் சாத்தவில்லை, வந்துவிடு.

முதலாளி ஹெங்கி சீனக்காரர்; நாங்கள் அவரைக் 'கோ', அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். கேட்டு முடித்ததும் மூக்கைச் சிந்தினார்.

"எங்கோஸ், இத மொதல் பாட்டா போடு. சுமத்ராக்காரனுக்கு அழுகைன்னா உசுரு. மொதல் கப்பல்லயே பாடாங்குக்கு அனுப்பிடறேன்."

"கோ, நீங்க நாடா விக்கிறதப் பாருங்க. அழுகையோட கதவத் தொறந்தா எவன் உள்ள வருவான்?"

"என்னடா, என் கம்பெனில எனக்கே பாடம் எடுக்கற?"

"பன்னெண்டு வருஷமா எடுக்கறேன் கோ. நீங்கதான் இன்னும் பாஸாகல."

இமாஸ் குறுக்கே வந்தாள். அவளுக்கு நான் 'காங்', அண்ணன்; எனக்கு அவள் 'நெங்', தங்கச்சி. "மொதல்ல போட்டாத்தான் என்ன காங்? அவரு கேட்டுட்டா எனக்குப் போதும்."

"கேக்குறது வேற, உறைக்கிறது வேற நெங். மொதல் பாட்டு வாசல்ல நிக்கிறவனுக்கு. உன் பாட்டு வீட்டுக்குள்ள வந்து உக்காந்தவனுக்கு. நாலு பாட்டுல அவன இளக்கி வெச்சு, அஞ்சாவதா உன்னக் கொண்டு வரேன். உன் குரல் நின்னப்புறம் பஸ்ல ஒரு இருமல் சத்தம்கூடக் கேக்காது."

"அவங்க பஸ்ஸுல எல்லாம் ஏ சைடு மட்டுந்தான் ஓடுமாம். திருப்புற விசை கெட்டுக் கெடக்காம். அது ஒண்ண மட்டும் பாத்துக்கங்க."

"ஏ சைடுதான். கடைசிப் பாட்டு."

"அப்ப சரி. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

அந்தக் காலத்தில் நேரத்தை நான் கடிகாரத்தில் அளப்பதில்லை. கடிகாரத்துக்கு இசை ஞானம் கிடையாது. ஒரு கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்துச் சாம்பல் தட்டில் கிடத்தினால் பன்னிரண்டு நிமிஷம் எரியும். நாடாவின் ஒரு பக்கம் இருபத்து மூன்று நிமிஷம். ஐந்து பாட்டு ஓடி முடியும்போது இரண்டாவது சிகரெட்டில் நகத்தளவு மிச்சம் இருந்தால் கணக்குச் சரி. பாண்டுங்கில் கேசட் போட்டவர்கள் பாதிப்பேர் இப்படித்தான் அளந்தார்கள். ஸ்டுடியோவில் புகையைப் பார்த்தே ராகம் சொல்கிற பூனை ஒன்றுகூட இருந்தது.

இமாஸின் ஏ பக்கம் முடிந்தபோது நகத்தளவுக்கும் மேலேயே மிச்சம் இருந்தது. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். டிசம்பர் மழையில் சிகரெட் நமுத்துப்போயிருந்ததையும், நமுத்த சிகரெட் மெதுவாக எரியும் என்பதையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

நாடாவை வெட்டுகிற இயந்திரம் பாட்டுக் கேட்பதில்லை. இருபத்து மூன்றாவது நிமிஷத்தில் நறுக்கியது.

ஆயிரம் கேசட்டுகள் கப்பலேறிப் பத்து நாள் கழித்துத்தான் இமாஸ் தன் பங்குக்கு வந்ததைப் போட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டு மழையில் நடந்தே கம்பெனிக்கு வந்தாள். பெட்டியில் கேசட்டைப் போட்டாள். போ என்றது, சட்டையை எடு என்றது, குடையை எடு என்றது. அப்புறம் 'டக்'. நான் வாக்குக் கொடுத்த அமைதி வந்தது. முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார்.

"நாப்பது செகண்டு காங்," என்றாள். "அந்த நாப்பது செகண்டுக்காகத்தான் மத்த ஒம்பதையும் பாடினேன்."

மறுபடி அச்சடிக்க முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. பாதியில் நிற்பதுதான் புதுசாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் சொல்கிறார்களாம். ஸ்டுடியோவில் இருந்த முழு நாடாவிலிருந்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். அதற்கும் லீவு கிடைக்க ஏப்ரல் ஆகிவிட்டது. பஸ், படகு, மறுபடி பஸ். லம்பூங்கில் ஒரு யானை டயரை மிதித்துக்கொண்டு நின்று, எங்கள் டிரைவர் இரண்டு பாட்டுப் போட்டபின்தான் காலை எடுத்தது. இரண்டாவது பாட்டு மோசமாக இருந்திருந்தால் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன்.

பாடாங்கில் விசாரித்துக்கொண்டு மலைமேல் புக்கிட்டிங்கிக்குப் போனேன். அங்கே பஸ் நிலையத்தில் சாப்ரி பகல் வெயிலில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். பாண்டுங் கேசட் கம்பெனி என்றதும் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"இமாஸ் கம்பெனியா காங்? கேட்டேன். நூறு தடவ கேட்டிருப்பேன். பயணிங்களுக்கும் போட்டுக் காட்டினேன். தேங்கா வியாபாரி, வாத்தியார், ஒரு இமாம்கூட. எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாங்க: தம்பி, இந்தப் பொம்பளைக்கு நீ வேண்டாம்."

"முடிவு எப்படி இருந்துச்சு?"

"குடைய எடுங்கறா, அத்தோட நின்னுபோச்சு. கோவத்துல மைக்க வீசிட்டுப் போயிருப்பான்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சும் இவ்வளவு கோவமா இருக்காளேன்னு..." அவன் மறுபடி கண்ணாடியைத் துடைத்தான். "ஒரு ஓரத்துல ஆசை இருந்துச்சு காங். பாட்டக் கேட்டப்புறம் அதையும் விட்டுட்டேன்."

நான் கொண்டுபோன கேசட்டை அவன் பஸ்ஸிலேயே போட்டேன். நான்கு பாட்டு பொறுமையாகக் கேட்டான். ஐந்தாவது வந்தது. குடை வந்தது. நிற்கவில்லை. உலை, கதவு, வந்துவிடு எல்லாம் வந்தது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டி ஓடுவதுபோல முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பப் பாடினா?"

"டிசம்பர்ல."

"எனக்கு மார்ச்ல கல்யாணம் ஆயிடுச்சு."

கீழே ஒரு பெண் பச்சைத் தூக்கில் சாப்பாடு கொண்டுவந்து நின்றாள். இருபது வயதுதான் இருக்கும். யாரு என்று அவனிடம் கேட்டாள். "கேசட் விக்கிறவரு," என்றான். அவள் எனக்கும் பலாக்காய்க் குழம்பு ஊற்றினாள். நல்ல குழம்பு. அதில் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட முயன்றேன், முடியவில்லை.

கிளம்பும்போது சாப்ரி கேசட்டைத் திருப்பிக் கொடுத்தான். "இது வண்டில இருந்தா நான் போடுவேன் காங். எடுத்துட்டுப் போயிடுங்க."

நான் பாண்டுங் திரும்பிப் போனபோது இமாஸ் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். மார்ச், இருபது வயதுப் பெண், பச்சைத் தூக்கு. அவள் துணியைக் கையில் பிடித்தபடி சிரித்தாள்.

"தூக்கோட நெறம் வரைக்கும் ஜோடிச்சிட்டீங்களே! நெசமா என்ன சொன்னாரு?"

"இதான் நெசம் நெங்."

"போங்க காங். யானை எதுவும் வரலையா வழியில?"

யானை வந்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவள் இன்னும் சிரித்தாள். பள்ளிவாசலைப் பார்த்துக் கைநீட்டிச் சத்தியம் செய்தேன். சத்தியத்திலுமா விளையாடுவீர்கள் என்று கடிந்துகொண்டாள். வாழ்க்கையில் ஒருநாள் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அன்று என்னை நம்ப ஊரில் ஒரு ஆளும் இல்லை.

"கேட்டாரா, கடைசி அடி வரைக்கும்? அத மட்டும் சொல்லுங்க."

"கேட்டான்."

"அப்ப வந்துருவாரு. சொன்னதைச் செய்யற மனுஷன்."

பாடாங் பஸ் பாண்டுங்குக்கு வருவது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைக் கல்யாணங்களுக்கு அவள் போவதில்லை; கதவைத் திறந்துவைத்து வாசலிலேயே இருப்பாள். கூப்பிடுகிறவர்களும் நாளடைவில் குறைந்துபோனார்கள். இது நடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் அவள் தெரு வழியாகப் போவதில்லை. மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போகிறேன். அரை மணி நேரம் அதிகம் ஆகும்.