காலனியில் மனநோய் இல்லை

சென்னையிலிருந்து வந்த சுற்றறிக்கை பதினோரு பக்கம் இருந்தது. அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் தாமரைச்செல்விதான். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தில் தேதியை மட்டும் பார்த்தார்கள். ஒவ்வொரு சமுதாய மனநல மையமும் முப்பது நாளுக்குள் ‘பன்மைத்துவம் மற்றும் சமத்துவக் குழு’ ஒன்றை அமைத்து, புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும். ‘புகைப்படத்துடன்’ என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தது.

அவர்களுடைய மையம் செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே தறி ஓட ஓட மேலே மேசை நடுங்கும். காதில் ஏதும் சத்தம் கேட்கிறதா என்று கேட்டால், நோய் உள்ளவர் இல்லாதவர் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அங்கே தாமரைச்செல்வி ஆறு வருடமாக மனநல சமூகப் பணியாளர். ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச் மாதமும் அவளுக்கே கொஞ்சம் மனநலம் குறையும். ஏப்ரலில் நீட்டிப்பு உத்தரவு வந்ததும் தேறிவிடுவாள்.

பொறுப்பு அதிகாரி டாக்டர் சிவக்குமார் அவளை உள்ளே கூப்பிட்டார்.

“இந்தக் குழுவுக்குச் செயலாளரா நீங்கதாம்மா பொருத்தம்.”

“ஏன் சார்?”

“உங்களுக்கு அதுல ஒரு… அனுபவம் இருக்கும்ல.”

எதில் அனுபவம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். ‘உங்க பக்கம்’, ‘அந்தப் பகுதி’, ‘அந்த மாதிரி மக்கள்’ என்று, சகதியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவரைப் போலச் சுற்றிச் சுற்றிப் போவார். தாமரைச்செல்வி பிறந்தது அழகர்கோவில் சாலைக்கு அப்பால் ஓர் ஊரின் காலனியில். அது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை, ஆனாலும் தெரியும். டாக்டர் நல்ல மனிதர். “எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாதும்மா” என்று அவரே அடிக்கடி சொல்வார். பார்க்கத் தெரியாதவர், அலுவலகத்தில் இருந்த பதினாலு பேரில் ஒன்பது பேரை எப்படியோ தன் சொந்தச் சனத்திலிருந்தே தேடிப் பிடித்திருந்தார்.

குழுவுக்கு டாக்டர் தலைவர். கணக்காளர் பாண்டியராஜனும் மருந்தாளுநர் ராம்கியும் உறுப்பினர்கள். பாண்டியராஜன் டாக்டருக்கு மாப்பிள்ளை முறை; ராம்கி பாண்டியராஜனுக்கு மாப்பிள்ளை முறை. முதல் கூட்டம் நிச்சயதார்த்தம் மாதிரி நடந்தது.

“மாப்ள, பன்மைத்துவம்னா என்னடா?” என்றார் பாண்டியராஜன்.

“பல பேரு இருக்கிறது மச்சான்.”

“அதான் நாலு பேரு இருக்கோமே. எழுதிக்கங்க மேடம்.”

அவள் எழுதிக்கொண்டாள்.

அடுத்து பயிற்சி. காளவாசல் பக்கம் ஓர் ஓட்டலில் குளிரூட்டிய அறை எடுத்தார்கள். சென்னையிலிருந்து சித்தார்த் என்ற பயிற்சியாளர் வந்தார். தாடி, கதர் ஜிப்பா, விலை உயர்ந்த செருப்பு. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, “வீட்டில் புத்தக அலமாரி இருந்தவர்கள் ஒரு அடி முன்னால் வாருங்கள்” என்றார். வந்தார்கள். “சாதியால் அவமானப்பட்டவர்கள் ஒரு அடி பின்னால் போங்கள்” என்றார். யாரும் போகவில்லை. எல்லோருடைய ஓரக்கண்ணும் தாமரைச்செல்வி மேல் விழுந்தது. அவளுக்கு நேர் பின்னால் கழிப்பறைக் கதவு. இன்னும் நாலு கேள்வி இதே மாதிரி வந்தால் உள்ளேயே போய் நிற்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அவள் அசையாமல் நின்றாள். ‘இந்த அலுவலகத்தில் பாகுபாடு உணரப்படவில்லை’ என்று சித்தார்த் குறித்துக்கொண்டார். பிறகு பிரியாணி. பாகுபாடில்லாமல் எல்லோருக்கும் ஒரே அளவு முட்டை.

அதோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. சுற்றறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது. மையத்தின் நடமாடும் வண்டி போகும் ஊர்களில், ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், காலனியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தனித்தனியே எழுத வேண்டும்.

மேற்கே ஓடைக்கரைப்பட்டிக்கு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வண்டி போகும். ஊர்ப் பொதுத்திடலான மந்தையில், கோயிலை ஒட்டிய கலையரங்கத்தில் மேசை போடுவார்கள். நாலு வருடப் பதிவேட்டைப் புரட்டியதில், ஊரிலிருந்து மாதம் ஏழெட்டுப் பேர். காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லை.

டாக்டர் அந்தப் பூஜ்யத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“எழுதுங்கம்மா. காலனியில் மனநோய் இல்லை. அப்பகுதி மக்களின் மனநலம் முன்மாதிரியாக விளங்குகிறது.”

“சார், அவங்க மந்தைக்கே வர முடியாதே…”

“யாரு வர வேண்டாம்னா? நாம வண்டியில போர்டா மாட்டியிருக்கோம்? எல்லாரும் வருகன்னுதான போட்டிருக்கு?”

உண்மைதான். ‘அனைவரும் வருக’ என்று வண்டியின் இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்திருந்தது. அவள் தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டாள். மார்ச் மாதம்.

ஆனால் அந்த வாக்கியம் மீன்முள்ளைப் போலத் தொண்டையில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஓடைக்கரைப்பட்டி காலனிக்குப் போனாள். மனநலம் முன்மாதிரியாக விளங்கும் அந்த இடத்தில், அரைமணி நேரத்தில் ஆறு பேரைக் கண்டுபிடித்தாள். வீட்டைவிட்டே வராத ஒருவர், தூக்கமே இல்லாத ஒரு பெண், பிள்ளை பெற்றதிலிருந்து அழுதுகொண்டே இருந்த இன்னொருத்தி. அத்தனை பேர் வீட்டுக்கும் அவளைக் கூட்டிப்போனவள் சுந்தரம்மாள். ஐம்பது வயது, களையெடுக்கும் வேலை, ஒன்பது வருடமாக மாத்திரை. மாதாமாதம் இரண்டு பஸ் மாறி மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய் வாங்கிவந்தாள். அதே மாத்திரை நானூறு அடி தூரத்தில், மந்தையில் கிடைத்தது.

“ஏக்கா, நம்ம வண்டிதான இங்கனயே வருது? வரலாம்ல?”

சுந்தரம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீ படிச்ச புள்ள, ஒன்னையக் கேக்குறேன் தாயி. டாக்டரு என்ன கேப்பாரு? காதுல கொரலு கேக்குதா, யாரும் ஏசுற மாதிரி இருக்கான்னு கேப்பாருல? மந்தைப் பக்கம் போனா நெசமாவே ஏசுவாங்க. எது மாத்திரைக்கு அடங்குற கொரலு, எது அடங்காத கொரலுன்னு நான் எப்படிப் பிரிச்சுச் சொல்லட்டும்?”

ஆறு வருடப் பணியில் தாமரைச்செல்வி ஏழு பயிற்சிகளுக்குப் போயிருந்தாள். ஒன்றிலும் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

“வேற எங்க வண்டி நின்னா வருவீங்க?”

“மாட்டாஸ்பத்திரி வாசல்ல நிறுத்தச் சொல்லு. அங்க ஒரு கேள்வியும் கெடையாது. ஊரு மாடும் நிக்கும், எங்க மாடும் நிக்கும். டாக்டரு ஒரே ஊசியத்தான் குத்துறாரு.”

ஊருக்கும் காலனிக்கும் நடுவில், தார்ச்சாலை ஓரம், வேப்பமர நிழலோடு நின்றது அந்தக் கால்நடை மருந்தகம். திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“மனநோயாளிய மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போறதா? பேப்பர்காரன் என்னா போடுவான்? மனித உரிமைம்மா, மனித உரிமை!”

மனித உரிமை அந்த அறையில் உச்சரிக்கப்பட்டது அன்றுதான் முதல் தடவை. பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, டாக்டர் சென்னையில் இருந்தார். ‘பூஜ்யம் நோக்கி ஒரு பயணம்’ என்ற தலைப்பில் சமத்துவம் பற்றிப் பேசப் போயிருந்தார். வண்டியில் ஓட்டுநர் முத்திருளன், தாமரைச்செல்வி, ஒப்பந்த மருத்துவர் பாண்டிமீனா மூன்று பேர்தான். பாண்டிமீனாவுக்கு எந்த இடத்தில் மேசை போட்டாலும் சரிதான். மின்விசிறி இருந்தால் போதும். முத்திருளன்தான் சந்தேகம். ஐம்பத்தாறு வயது, ஓடைக்கரைப்பட்டி ஊர்க்காரர்களுக்குச் சொந்தக்காரர், அதிகம் பேசாதவர்.

கால்நடை மருந்தகம் தெரிந்ததும் தாமரைச்செல்வி சொன்னாள்: “அண்ணே, இன்னைக்கு மட்டும் இங்கன நிறுத்துங்களேன்.”

முத்திருளன் வண்டியை ஓரங்கட்டினார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

“மந்தைக்கு ஏத்தம். கிளட்ச்சு இழுக்கல. இங்கனதான் நிக்கும்.”

“கிளட்ச் நல்லாத்தானண்ணே இருந்துச்சு?”

“வண்டி ஓட்டுறது நீங்களா நானா மேடம்?”

அவர் போய் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டார். அவருடைய பெரியப்பா மகள் ஒருத்தி பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே ஊரில் கிணற்றில் விழுந்து செத்ததும், அதை ‘வயிற்றுவலி’ என்று எழுதிக்கொண்டதும் தாமரைச்செல்விக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அன்று முப்பத்தொரு பேர் வந்தார்கள். காலனியிலிருந்து சுந்தரம்மாள் தலைமையில் பதினாலு பேர். சுந்தரம்மாளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அதை அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்க்காதது மற்ற பதினேழு பேரை. மந்தையில் வழக்கமாக வருகிறவர்கள் ஏழு பேர்தான். மீதிப் பத்துப் பேரும் வண்டி இங்கே நிற்பதைக் கேள்விப்பட்டு வந்த ஊர்ப் பெண்கள். ஆளுக்கு ஓர் ஆட்டையோ கோழியையோ பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஊராட்சி முன்னாள் தலைவரின் மருமகள் அன்னக்கொடி ஒரு வெள்ளாட்டோடு வந்து நின்றாள்.

“ஆட்டுக்கு என்ன செய்யுதுங்க?” என்றாள் தாமரைச்செல்வி.

“ஆட்டுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். மூணு வருசமாச்சு, தூக்கமில்ல, சாகணும்னே தோணுது. மந்தையில வந்து நின்னா எங்க மாமனாரு தின்னுக்கிட்டு இருக்க வெத்தலையத் துப்புறதுக்குள்ள ஊரு பூராம் தெரிஞ்சு போகும். பைத்தியம்னு புருசன்கிட்ட இருந்து அத்துவிட்டுருவாங்க. இங்கன வந்தா, ஆட்டுக்குப் பூச்சி மருந்துன்னு சொல்லிக்கலாம்ல.”

பெஞ்சில் சுந்தரம்மாளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அன்னக்கொடி உட்காரவில்லை, முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே இருந்தாள். தலைமுறை தலைமுறையாகப் பழகிய கால்கள், ஒரே செவ்வாய்க்கிழமையில் மடங்காது. ஆனால் அவள் முறை வந்தபோது ஆட்டுக்கயிற்றை யாரிடம் கொடுப்பது என்று முழித்தாள். சுந்தரம்மாள் கையை நீட்டினாள்.

“கொண்டா, நான் பிடிக்கேன். அழுறதுன்னா நல்லா அழுதுட்டு வா. ஆடு எங்கயும் போகாது.”

அந்தக் கணக்கை அப்படியே படிவத்தில் எழுதி அனுப்பினாள் தாமரைச்செல்வி. பத்தே நாளில் சென்னையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: ‘பூஜ்யமாக இருந்த காலனி மனநோய் ஒரே மாதத்தில் பதினான்காக உயர்ந்தது எப்படி? இப்பரவலைத் தடுக்க எடுத்த நடவடிக்கை என்ன?’ டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தார். கூடவே ஓடைக்கரைப்பட்டியிலிருந்து பெரிய மனிதர்கள் நாற்பது பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றும் வந்தது. ‘எங்கள் வண்டியை எங்களுக்கே திருப்பித் தர வேண்டும்.’

அவள் மெமோவுக்கு ஒரே பக்கத்தில் பதில் எழுதினாள். நோய் கூடவில்லை, கதவு மாறியது. அவ்வளவுதான் என்று எழுதினாள். வீட்டில் சாமான்களை மூட்டை கட்டுவதைப் பற்றியும் யோசித்தாள்.

வேலை போகவில்லை. காரணம் நியாயம் அல்ல. அவளுடைய பதிலைச் சென்னையில் யாரோ படித்துத் தொலைத்திருக்கிறார்கள். ‘கால்நடை–மனநல ஒருங்கிணைந்த சமத்துவ மாதிரி’ என்று அதற்கு ஒரு பெயர் வைத்து, மாநில விருதும் அறிவித்துவிட்டார்கள். விருது மையத்துக்கு, மையம் என்றால் டாக்டர். அறிவிப்பு வந்த அன்றைக்கே அவர் மனு கொண்டுவந்த பெரிய மனிதர்களிடம் கைவிரித்தார்.

“எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாதுங்க. ஆனா அவார்டு குடுத்துட்டாங்க, இனிமே வண்டிய நகத்த முடியாது.”

விழாவுக்கு டாக்டர், பாண்டியராஜன், ராம்கி மூவரும் காரில் போனார்கள். “நீங்களும் வாங்கம்மா, போட்டோவுல ஒரு… பன்மை இருக்கும்” என்று டாக்டர் மனதாரக் கூப்பிட்டார். விழா இரண்டாவது செவ்வாய்க்கிழமை. “வேலை இருக்கு சார்” என்றாள் அவள்.

அன்று ஓடைக்கரைப்பட்டியில் நல்ல வெயில். இருபத்தாறு பேர் வந்தார்கள். பிள்ளை பெற்றதிலிருந்து அழுதுகொண்டிருந்த பெண், முனீஸ்வரி, முதல் தடவையாகப் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ஊர், காலனி என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. தாமரைச்செல்வி காலனியில் ஒரு கோடு போட்டுவிட்டு, பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.