அறைக் காற்று

…இல்லை, இது இரைச்சல் இல்லை, கோடுதான், கனமான கார்பன், கார்பன்-13, தரும் கோடு, பெரிய கோடுகளின் காலடியில் சின்னதாக… யுன் ஹேசொன் திரையை இன்னும் நெருங்கிப் பார்த்தாள். அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடு தன் அதிர்வுக்கு ஏற்றதை விழுங்கிக்கொள்ளும், விழுங்கிய இடமெல்லாம் பள்ளம், இரு பக்கமும் சீப்புப் பற்கள் போல. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ஆனால் இங்கே ஒளிய முடியாது. சின்ன வயதில், எங்கள் வாடகை வீட்டில், அன்றைக்கு ஒளிந்துகொண்டதே? அன்றைக்கு யார் அந்த அறைக் காற்றைப் பிடித்துவைத்தார்கள்… தங்கை ஹேஜுவின் வாயில் அம்மா முள்ளங்கி ஊறிய கிம்ச்சி ஊறுகாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள், நிலக்கரி அடுப்பு வாயுவுக்கு அதுதான் மருந்து என்று எல்லோரும் சொன்னார்கள், புளித்த தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணை நனைந்தது, அப்பா வாசலில் வெறுங்காலோடு பனியில் நின்றார். அடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடாக்கும் அந்த அறைத் தரை வெடித்திருந்ததா, அடுப்பின் காற்றுவழியை அப்பா சரியாகத் திறக்கவில்லையா? வீட்டுச் சொந்தக்காரன் அப்பாவைக் கைகாட்டினான். அம்மா நம்பினாள். "நீதான் கொன்னே, நீதான்…" இந்த ஆய்வுக்கூடத்தில் எப்படி அந்தப் புளிப்பு வாடை, யாராவது சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்களா? யாருமில்லை.

"என்ன யுன் டாக்டர், திரைக்குள்ளயே குடிபோயிட்டீங்களா? போலீஸ்லேர்ந்து மறுபடி போன்," என்றார் குழுத் தலைவர் பே. இன்னொரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றாள். "எத்தனை தடவை போட்டாலும் கோடு உங்களுக்காக நகராது." நகரவில்லைதான். இறந்தவர் ஒரு லாரி ஓட்டுநர், தேஜொன் நகரில் வாடகை அறை, நூடுல்ஸ் கொதிக்கவைத்த சின்ன எரிவாயு அடுப்பை அணைக்காமல் தூங்கிவிட்டார் என்கிறான் சொந்தக்காரன், பக்கத்திலேயே அவன் பொறுப்பில் இருந்த, அறையைச் சூடாக்கும் எரிவாயு பாய்லர். அடுப்பின் டப்பா வாயுவையும் பாய்லரின் குழாய் வாயுவையும் எரித்துப் பார்த்தாயிற்று, அடுப்பென்றால் கனமான கார்பன் கூடுதலாக இருக்க வேண்டும், அறைக் காற்றில் அது குறைவு. பாய்லர்தான். அவள் எழுதி அனுப்பினாள், அப்பா, பாருங்கள், எழுதி அனுப்பிவிட்டேன்…

மாலையில் அந்த ஓட்டுநரின் மனைவி வந்தாள், போலீஸில் கேட்டுவிட்டு நேரே வந்திருந்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அடுப்பு இல்லியாமே?" "அடுப்பு இல்லைங்க. உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல." அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று ஹேசொன் நினைத்திருந்தாள், ஏனோ அதற்காகவே காத்திருந்தாள். வந்தவள் அழவில்லை. "ரூமுக்குள்ள அடுப்பு வைக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இத்தன நாளும் அந்தாளத் திட்டிக்கிட்டேதான் ஒரு வாய் சோறு எறங்குச்சு. இனிமே யாரத் திட்டுவேன், டாக்டரம்மா?" "அந்த வீட்டுச் சொந்தக்காரன்…" "அவன் மூஞ்சியே எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டு, நன்றியாகத் தலையைத் தாழ்த்தி, போய்விட்டாள்.

கண்ணாடிக் கதவு ஆடி நின்றது. ஹேசொன் நின்ற இடத்திலேயே நின்றாள். ஹேஜு போன பிறகும் அம்மா ஒவ்வொரு காலையும் எழுந்தாள், அரிசி களைந்தாள், அப்பாவின் கிண்ணத்தை மேசையில் டொக்கென்று வைத்தாள், அந்த டொக்கில்தான் அவள் உயிர் இருந்ததா? யாராவது அன்றைக்குக் காற்றைப் பிடித்து, அளந்து, உன் புருஷன் இல்லை, தரைதான் என்று சொல்லியிருந்தால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்? அப்பா ஒரு நாள்கூட மறுத்துப் பேசவில்லை. தன் தப்பா இல்லையா என்று தெரியாததால் பேசவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்… தப்பில்லை என்று தெரிந்தே, அம்மா பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று இருந்திருந்தால்?