நூல் அளவு

திருவிழாவில் திருமழிசைத் துலுக்கானம் கத்தியை ஓங்கினால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். படுத்திருப்பவன் கழுத்தில் வெள்ளரிக்காய் வைப்பார்கள். ஒரே வீச்சில் காய் இரண்டாகும். கத்தி தோலுக்கு ஒரு நூல் மேலே நிற்கும். இருபது வருஷத்தில் எவன் கழுத்திலும் கீறல் விழுந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவனை, 1934 மாசியில், சிலம்பத்தில் தோற்ற ஆத்திரத்தில் நூம்பல் உலகநாதன் பின்னாலிருந்து உலக்கையால் அடித்தான். விழும்போது திரும்பி அவன் முகத்தைக் கண்ட துலுக்கானத்தைத் தவிர பார்த்தவர் இல்லை. பின்மண்டை பிளந்து ஒரு மாதம் கிடந்து எழுந்தவனுக்குக் கால் பின்னியது, நாக்குக் குழறியது. "குடிச்சிட்டு கெணத்தாண்ட வுழுந்தான்" என்று கதை கட்டினான் உலகநாதன். கள்ளை மோந்துகூடப் பார்க்காதவனைக் குடிகாரன் என்றது ஊர். திருவிழாவில் கத்தி தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். பாவிகள்.

பூந்தமல்லி டாக்டர் விரலை நீட்டி, "இதைத் தொடு" என்றார். துலுக்கானத்தின் கை கிளம்பியது, நடுங்கியது, விரலைத் தாண்டிப் போய் அவர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"நீ குடிகாரன் இல்லைப்பா. அடி சிறுமூளையில பட்டிருக்கு. பின்மண்டைக்குள்ள இருக்கு அது. கை கால் எவ்வளவு தூரம் போகணும், எங்கே நிக்கணும்னு அளவு பார்க்கிறதே அதுதான்."

'குடிகாரன் இல்லை' என்றதோடு துலுக்கானத்தின் காது அடைத்துக்கொண்டது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சத்தை அவன் கேட்கவேயில்லை.

நேரே வீட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு நூம்பலுக்கு நடந்தான். வரப்பில் இரண்டு தரம் விழுந்தான். மடை திருப்பிக்கொண்டிருந்த உலகநாதனைச் சேற்றில் தள்ளி நெஞ்சில் மண்டி போட்டான்.

"நீதான் அட்ச்சேன்னு ஊர்ல வந்து சொல்லு. நான் குடிகாரன் இல்லேன்னு சொல்லு."

உலகநாதன் வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தான். கழுத்தை நன்றாக நிமிர்த்திக் காட்டினான்.

"வீசு மாமே. ஒரு நூல் மேல நிப்பாட்டுவே. எனுக்குத் தெரியாதா?"

துலுக்கானத்துக்கும் அது தெரியும். மிரட்டத்தான் வந்திருந்தான். ஓங்கினான். கழுத்துக்கு மேலே ஒரு நூல் அளவை மனசில் குறித்துக்கொண்டு இறக்கினான்.

கை நிற்கவில்லை.

மடைத் தண்ணீர் சிவந்தது. துலுக்கானம் கத்தியை எறிந்துவிட்டு அந்தக் கழுத்தை இரண்டு கையாலும் பொத்தினான். கை பொத்தின இடத்தில் நிற்காமல் நடுங்கியது. விரல் சந்தில் ரத்தம் பீறிட்டது. "சொல்லுடா, நான் குடிக்கலேன்னு சொல்லிட்டுப் போடா" என்று அவன் குழறிக்கொண்டிருந்தபோது ஆட்கள் ஓடி வந்தார்கள்.

முதலில் வந்தவன் அவன் தள்ளாட்டத்தைப் பார்த்துவிட்டு, "குடிவெறில வெட்டிட்டான்" என்றான்.