ஈயப் பெட்டியில் ஒரு மாதம்

அந்த முற்பகலில் வீட்டில் இருந்தவர்கள்: கூடத்துக் கட்டிலில் செத்துக் கிடந்த தம்பி, காலடியில் அவன் மனைவி, தலைமாட்டில் அவன் அண்ணனான பெரியவர், ஜன்னலோரம் அவருடைய தங்கை. தங்கையின் வீட்டுக்காரர் வாசற்படியைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் பாய்ச்சிய கதிர்வீச்சு இன்னும் உடம்பில் இருக்கும் என்று அவருக்குப் பயம்.

பெரியவர் ஈரத்துணியால் தம்பியின் வலது கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் லேத் ஓட்டிய கை, குச்சியாய் இளைத்திருந்தது. மோதிர விரல் மூளியாக இருந்தது. அது அப்பாவின் மோதிரம். அப்பா போன அன்று அதைத் தம்பி விரலில் மாட்டி, உயிரே போனாலும் கழற்றாதே என்று சொன்னவர் பெரியவர்தான்.

ஒரு மாதத்துக்கு முன்பே அந்த வெறும் விரல் அவர் கண்ணில் பட்டது. மோதிரம் எங்கே என்று தம்பி மனைவியைக் கேட்டார். பத்திரமாக இருக்கிறது என்றாள். எங்கே என்று வாயைத் திறக்கவில்லை. அன்றோடு அவளிடம் பேச்சை விட்டார். விற்றுவிட்டாள் என்று தங்கை எல்லார் காதிலும் போட்டு வைத்தாள். பெரியவர் மறுக்கவில்லை.

வாசலில் நின்றவரை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியில் கதிர்க்கருவியை இயக்குபவர். தம்பிக்குத் தாடையில் புற்றுக்கட்டி. ஊசி மருந்து கட்டியில் போய்ச் சேர்ந்ததும் அதன்மேல் நியூட்ரான் கதிரைப் பாய்ச்சிப் பொசுக்கப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

வந்தவர் தம்பி மனைவியிடம் ஒரு காகித உறையை நீட்டினார்.

"எடுத்துக்கங்கம்மா. நேத்து அளந்து பாத்தோம். சுத்தமா அடங்கிருச்சு."

அது என்ன என்று பெரியவர் கேட்டார். வந்தவர் சொன்னார். கதிர் அறைக்குள் உலோகம் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். தம்பி மோதிரத்தின் மேல் பிளாஸ்திரி சுற்றி, பட்டறையில் பட்ட வெட்டுக்காயம் என்று சொல்லிவிட்டான். வெளியே வந்து அளந்தபோது அந்தக் கையருகே அளக்கும் கருவி படபடத்தது. நியூட்ரான் பட்டால் தங்கமும் கொஞ்ச நாள் கதிர் வீசும். மோதிரத்தைக் கழற்றி ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

"எதுக்குங்க ஒளிச்சீங்கன்னு கேட்டேன். எங்கண்ணன் சொல்லிருக்கார், கழட்ட முடியாதுன்னாரு."

துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ ஏம்மா சொல்லல?" ஒரு மாதத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"அவர்தான் உங்ககிட்ட சொல்லாதேன்னார், மாமா. கழட்டினது தெரிஞ்சா தாங்க மாட்டீங்களாம்."

தங்கை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பெரியவர் உறையிலிருந்து மோதிரத்தை எடுத்துத் தம்பி விரலில் போட்டார். நழுவிப் பாயில் விழுந்தது. மறுபடியும் போட்டார், மறுபடியும் நழுவியது. நூல் கேட்டார். தம்பி மனைவி நூல்கண்டோடு வந்தாள். அவர் மோதிரத்தை விரலோடு பிடித்துக்கொள்ள, அவள் நூலைச் சுற்றினாள்.

வைத்தியத்துக்காக அந்த மோதிரம் விற்றுப்போனது என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். அது தவறு. மோதிரம் விற்கப்படவில்லை. தம்பி அதைத் தானாகக் கழற்றவும் இல்லை. ஏழு சுற்று வெள்ளை நூலோடு அது அவன் விரலில் போயிற்று.