“பார்த்தாச்சு டீச்சர்”

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. தலைப்பில் இருக்கிறதே, அதுதான் பொய். சொன்னவன் நான். ஆனாலும் கதையில் அவனை ‘அப்பா’ என்று மரியாதையாகவே எழுதப்போகிறேன். வேறு யாரோ செய்தது போல எழுதினால் கூச்சம் கொஞ்சம் குறையும் என்று ஒரு நப்பாசை.

2

முதல் தொடக்கம்: “ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சி மையம் அது. ஜன்னலுக்கு வெளியே மழை...”

(மழையெல்லாம் பெய்யவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: “அந்த டீச்சருக்குக் கல்நெஞ்சு. குழந்தை அழுதாலும்...”

(இதுவும் தேறாது. பழியைத் தூக்கி டீச்சர் தலையில் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. நல்ல மனுஷி. கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டவர்.)

3

நடந்தது இதுதான். மகள் சிட்டுவுக்கு அப்போது பதினொரு வயது. பேச்சு குறைவு. ஒரு திங்கட்கிழமை, மையத்தில் பாடத்தின் நடுவே வலது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“உடம்புக்கு ஏதாவதான்னு முதல்ல தெரியணும் சார். பல்லு, காது ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“பார்த்தாச்சு டீச்சர். ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

வாய் கூசாமல் சொன்னார்.

[ஏன்? போன தடவை பல் டாக்டரிடம் போனபோது சிட்டு நாற்காலியிலிருந்து குதித்தோடி, வரவேற்பறைத் தரையில் புரண்டு கத்தினாள். இருந்தவர்கள் அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் மறுபடி போய் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. இதைவிட நல்ல காரணம் இருந்தால் எழுதியிருப்பேன்.]

“அப்போ நாம கவனிக்கணும்னுதான் அடிச்சுக்கிறா போல. அடிச்சுக்கிட்டா திரும்பிப் பார்க்காதீங்க. கை சும்மா இருக்கறப்போ பாராட்டுங்க. வீட்டிலயும் இதே மாதிரி.”

4

பதினொரு நாள். சாப்பாட்டு மேசையில் சிட்டு அறைந்துகொள்வாள். அப்பா செய்தித்தாளைப் புரட்டுவார்.

“என்னால பார்க்க முடியலைங்க,” என்றாள் அவள் அம்மா.

“பார்க்காதே. அதுதான் வைத்தியம்.”

முதல் நாள் நாற்பது அறை. பதினொன்றாம் நாள் மூன்று. அறைகளை எண்ணி டீச்சர் வரைந்துவந்த கோடு சரசரவென்று இறங்கியிருந்தது. டீச்சர் கைதட்டினார், அப்பாவும் தட்டினார். சிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை கன்னம் வீங்கி, உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ்.

“இத்தனை நாள் இந்தப் பொண்ணு எப்படிப் பொறுத்துக்கிட்டா?” என்று டாக்டர் கேட்டார்.

அப்பா தலையைக்

அப்பாவின் கண்களில்

[மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த டீச்சர், தன் கணிப்புதான் பிசகிவிட்டது என்று அழுதார். அதையும் பார்த்துக்கொண்டு அப்பா கல்லு மாதிரி நின்றார். சீ.]

5

இனி முடிவு.

ஒன்று: அப்பா டீச்சரைத் தேடிப் போய் உண்மையைச் சொல்கிறார். (மூன்று வருடமாகப் போகவில்லை. இதை எழுதிவிட்டால் சொன்ன கணக்காகிவிடுமா? ஆகாது. சப்பைக்கட்டு.)

இரண்டு, நிஜமாகவே நடந்தது. போன வாரம் சிட்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வயதாகிவிட்டது. இப்போது கொஞ்சம் பேசுகிறாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு உனக்குப் பல்லு வலிச்சுது. அப்பா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல. போனதா பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடும்மா.”

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“பரவாயில்லப்பா,” என்றாள், சிரித்த முகத்தோடு.

அப்பாவுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. யாராவது மன்னிப்புக் கேட்டால் சிரித்துக்கொண்டே ‘பரவாயில்லை’ சொல்ல வேண்டும் என்பது போன வருடத்துப் பாடம். ஆறு வாரம், தினமும் இருபது தடவை, வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது நான்.

அவள் மன்னித்தாளா, பாடத்தை ஒப்பித்தாளா? அவளையே கேட்கலாம். ஆனால் என் முகத்தைப் பார்த்து, எனக்கு எது பிடிக்குமோ அதைத்தான் சொல்வாள். அப்படிப் பழக்கியிருக்கிறேன்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ‘மன்னித்தாள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் நம்பிவிடுவேன்.