ஒன்றுக்கு ஐந்து

அந்தப் படக் கம்பெனியில் கணக்கரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சதவீதம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக ஒரே விஷயத்தைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த பட்டம் அது. ஒரு படம் எவ்வளவு வசூல் செய்தது என்று கேட்காதீர்கள், போட்ட பணத்துக்கு எத்தனை பங்கு லாபம் வந்தது என்று கேளுங்கள் என்பதுதான் அந்த விஷயம். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, அது சரி, வசூல் எவ்வளவு என்பார்கள்.

வரவேற்பறைச் சுவரைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்பெனி எடுத்த படங்களின் போஸ்டர்களை வசூல் வரிசையில் மாட்டியிருந்தார்கள். நட்ட நடுவில், விளக்கெல்லாம் போட்டு, போன வருடத்துப் போர்ப் படம். நூற்றுப்பத்து கோடி வசூல் என்று தங்க நிறத்தில் எழுத்து. அதில் பாதியைத் தியேட்டர்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். டிவி உரிமை, அது இது என்று எல்லாம் சேர்த்துக் கம்பெனி கைக்கு வந்தது அறுபத்தாறு. செலவு அறுபது. நானூறு பேர் இரண்டு வருடம் வெயிலில் காய்ந்ததற்கு, நூற்றுக்குப் பத்து. பேசாமல் பணத்தை பாங்கில் போட்டிருந்தால் குதிரைகளாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

கழிப்பறைக்குப் போகும் வழியில், தண்ணீர் கேனுக்குப் பின்னால் பாதி மறைந்து தொங்கியது அவருடைய தங்கை எடுத்த படம். கரண்ட் போய் லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் விடியும்வரை பேசுகிறார்கள், அவ்வளவுதான் கதை. பதினான்கு நாளில், ஐம்பது லட்சத்தில் முடித்தாள். கைக்கு வந்தது மூன்று கோடி. ஒன்று போட்டால் ஐந்து லாபம். அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு படம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த படத்துக்கு அவள் எழுபது லட்சம் கேட்டு எட்டு மாதமாகிவிட்டது. முதலாளி இதோ அதோ என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். இதற்கிடையில் ஒரு விளம்பரக் கம்பெனி அவளை மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டது. சோப்புக்கும் ஷாம்புவுக்கும் அரை நிமிடப் படம் எடுக்கிற வேலை. மூன்று வருட ஒப்பந்தம். அதுவரை வெளியே ஒரு படமும் எடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளும் எத்தனை நாள்தான் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாள்?

வியாழக்கிழமை காலையில் கணக்கர் ஒரே ஒரு தாளோடு முதலாளி அறைக்குப் போனார். ஒன்பது படங்கள், லாப விகிதப்படி வரிசை. தங்கை படம் உச்சியில், போர்ப் படம் ஏழாவது. அந்தத் தாளில்தான் அவர் ஒரு வேலை பார்த்திருந்தார். போட்ட பணம், வந்த லாபம் என்று இருந்த இரண்டு பத்திகளையும் எடுத்துவிட்டார். ஆறு கோடி லாபத்துக்கு மேலே இரண்டரைக் கோடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முதலாளி உதட்டைப் பிதுக்கிவிடுவார் என்ற பயம். விகிதம் மட்டும் இருக்கட்டும், நான் ஒன்றும் பொய் எழுதவில்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

முதலாளி தாளை மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, வசூல் எவ்வளவு என்று கேட்கவில்லை. கணக்கருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

“ஒண்ணுக்கு அஞ்சா? இத்தனை நாளா ஏன்யா இதை என்கிட்ட சொல்லல?”

சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்துபோன மனிதர் அந்த அநியாயத்தையும் விழுங்கிக்கொண்டு, எழுபது லட்சத்துப் பேச்சை எடுத்தார். முதலாளி காதில் வாங்கவில்லை. தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“எழுபது லட்சத்தை வெச்சு என்ன பண்றது? பதினெட்டு கோடி போடுவோம். அஞ்சால பெருக்கினா தொண்ணூறு. அதே லிஃப்ட் கதை, ரெண்டாம் பாகம். எழுபது மாடிக் கட்டடம், ஆறு லிஃப்ட். போர்ப் படம் எடுத்தவரையே கூப்பிட்டுடலாம்.”

கணக்கர் அவசரமாகக் குறுக்கிட்டார். செலவு சின்னதாக இருந்ததால்தான் அந்த ஐந்து வந்தது என்றார். பதினெட்டு கோடி கொட்டினால் டிக்கெட் வாங்குகிறவர்கள் முப்பத்தாறு மடங்காகப் பெருகிவிடுவார்களா என்று கேட்டார். படத்தை எடுத்தவளை விட்டுவிட்டு லிஃப்டைப் பிடித்துக்கொண்டால் எப்படி என்றார். எதைச் சொன்னாலும் முதலாளி அந்தத் தாளையே தட்டிக் காட்டினார். எரிச்சல் தாங்காமல் கணக்கர் தன் மேசைக்கு ஓடிப்போய், இரண்டு பத்திகளும் உள்ள பழைய தாளைக் கொண்டுவந்து நீட்டினார். லாபம் வெறும் இரண்டரைக் கோடிதான், பாருங்கள் என்று, எதை மறைத்தாரோ அதையே விரல் வைத்துக் காட்டிக் கெஞ்சினார்.

முதலாளியின் முகம் இன்னும் மலர்ந்தது. அறுபது கோடியைக் கொண்டுபோய்ப் போர்ப் படத்தில் கொட்டினோமே, லிஃப்டில் போட்டிருந்தால் முந்நூறு கோடி ஆகியிருக்குமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். மேனேஜரை அப்போதே கூப்பிட்டு, இந்த வருடம் வேறு சின்னப் படம் எதுவும் கிடையாது, இருக்கிற பணமெல்லாம் இதற்குத்தான் என்று சொல்லிவிட்டார். கதை உரிமை ஏற்கெனவே கம்பெனியிடம்தான் இருந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

“அப்ப என் தங்கச்சி, சார்?”

“கதைன்னு அவங்க பேரைப் போட்டுடலாம். இவ்வளவு பெரிய பணத்தை ஒரு கத்துக்குட்டி கையில குடுக்க முடியுமா? கணக்குத் தெரிஞ்ச நீங்களே சொல்லுங்க, சதவீதம்.”

கணக்கர் தன் மேசைக்குத் திரும்பினார். பதினாறு வருடம் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. முதலாளி விகிதத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார். போய் எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் தங்கை சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதத்தைப் பரப்பி, எழுபது லட்சத்தை அறுபத்திரண்டாகக் குறைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பத்திகளை எடுத்ததையும் மறைக்காமல் சொன்னார். அவள் நன்றாக நாலு திட்டு திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. யார் எடுக்கப்போகிறார் என்று கேட்டாள். சொன்னார். ஆறு லிஃப்டா என்று கேட்டாள். ஆறு என்றார்.

“உன் தாள்ல நான் எத்தனாவதுண்ணா?”

“முதல்ல.”

“முதல்லதான் இருக்கேன். ஆனா எனக்கு மட்டும் படம் இல்ல.”

காகிதங்களை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர் எதிரிலேயே விளம்பரக் கம்பெனிக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்றாள். அந்தப் பக்கத்தில் ஏதோ விவரம் சொல்ல ஆரம்பித்தார்கள். “பரவால்லைங்க, எதுவா இருந்தாலும் எடுத்துடலாம்” என்று போனை வைத்தாள். எந்தச் சோப்பு என்றுகூட அவள் கேட்கவில்லை.